நீலம் திரும்பும் தூரம்

ஜனங்கள் நீலம் என்று கையைக் காட்டுகிற பூவில் முக்கால்வாசி ஊதா. டிசம்பர் பூவை நீலம் என்பார்கள், குறிஞ்சியை நீலம் என்பார்கள். கத்தரிச் செடியின் பூவைப் பார்த்து ஒருவர் என்னிடம், "அடடா, என்ன நீலம் சார்!" என்று உருகியிருக்கிறார். அவர்தான் எங்கள் கம்பெனி முதலாளி. நீலப் பூ தயாரிக்கிற கம்பெனிக்கு முதலாளி!

அசல் நீலம் பூக்களில் அபூர்வம். சங்குப்பூ மாதிரி விரல்விட்டு எண்ணுகிற சிலவற்றுக்குத்தான் அது வாய்த்திருக்கிறது. ரோஜாவுக்கு இல்லை, செவ்வந்திக்கு இல்லை, மல்லிகைக்குக் கேட்கவே வேண்டாம். அந்த மல்லிகையில் அசல் நீலத்தைக் கொண்டுவந்தவன் நான். பெயர் மாணிக்கவேல். நிலக்கோட்டைக்குப் பக்கத்தில், பூந்தோட்டங்களுக்கு நடுவே, பூவாசனையே நுழைய முடியாத ஒரு ஏசி கட்டடத்தில் செடிகளின் மரபணுவைத் திருத்துகிற வேலை. குணத்தைப் பற்றிக் கேட்டால், நான் கத்துகிற ஆள் இல்லை. கோபம் வந்தால் என் குரல் உயராது, தாழும். "சார் மெதுவாப் பேச ஆரம்பிச்சா இடத்தைக் காலி பண்ணிரணும்" என்று ஆய்வகத்தில் பேசிக்கொள்வது என் காதிலும் விழுந்திருக்கிறது. எனக்கு அதில் பெருமைதான். படித்தவன் கத்தக்கூடாது, இல்லையா?

முதல் செடி பூத்த அன்று ஆய்வகமே கைதட்டியது. சந்தைக்கு அனுப்பினோம். ஒரு முழம்கூடப் போகவில்லை. பெரிய பெரிய படிப்பெல்லாம் படித்த நாங்கள் அத்தனை பேரும் ஒன்றை மறந்துபோயிருந்தோம்: நீலம் சனீஸ்வரன் நிறம். எந்தப் பெண் அதைத் தலையில் வைப்பாள்? பூக்காரம்மா ஒருத்தி கூடையைத் தொடவே மாட்டேன் என்றாள். "ஏழரைச் சனியைக் காசு குடுத்து வாங்கித் தலையில வைக்கச் சொல்றீகளா? நல்லா இருக்கே நாயம்!" சனிக்கிழமைகளில் நவக்கிரக சன்னதிக்கு மட்டும் கொஞ்சம் போயிற்று. உலகத்தின் முதல் நீல மல்லிகை, கல் காக்கையின் காலடியில் வாடிக் கிடந்தது.

என் மனைவி சுகந்தியும் பூக்காரம்மா கட்சிதான். வீட்டுக்கு நான் கொண்டுவந்த முதல் சரத்தை அவள் கையால் தொடவில்லை. "எனக்கு வெள்ளை மல்லியே போதுங்க" என்றாள்.

"புருஷன் கண்டுபிடிச்ச பூங்கிற மரியாதையாவது வேணாமா?" என்று மெதுவாகத்தான் கேட்டேன்.

"சனி நெறங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

கம்பெனியை இழுத்து மூட நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பெனடிக்ட் கடைசி முயற்சியாக ஒரு விளம்பரப் படம் எடுத்தான். பெனடிக்ட் எங்கள் விற்பனை மேலாளர். இடுகாட்டில்கூட நாலு பெட்டி விற்றுவிட்டு வருகிற ரகம். படம் எடுக்கப் போன இடத்தில் ஒரு கூத்து நடந்தது. நடிக்க வந்த பெண் வெயிலில் ஆடும்போது தலையில் பூ நீலமாக இருந்தது. டைரக்டர் மைக்கைக் கையில் எடுத்தால் சிவந்தது. அவர் சாப்பிடப் போனதும் மறுபடி நீலமாயிற்று. பெனடிக்ட் சரத்தைக் கொண்டுவந்து என் மேஜைமேல் போட்டான்.

"சார், உங்க பூவுக்கு டைரக்டரைப் பிடிக்கல."

மண்டையை உடைத்துக்கொண்டு காரணத்தைக் கண்டுபிடித்தேன். ஓடி வேர்த்தால் பூ மாறுவதில்லை. அடுப்படியில் வெந்து வேர்த்தாலும் மாறுவதில்லை. பயந்து வேர்த்தால் மட்டும் மாறுகிறது. பயத்தின் வேர்வையிலிருந்து மூக்குக்குத் தெரியாத ஒரு ஆவி எழும்பி இதழுக்குள் புகுந்து நிறத்தைக் குலைக்கிறது. பயம் தெளிந்தால் நீலம் திரும்பிவிடுகிறது. இது குறை, திருத்த அவகாசம் வேண்டும் என்று நான் கேட்டேன். பெனடிக்ட் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான்.

"இதையா குறைங்கிறீங்க? பொண்ணு மனசை வெளிச்சம் போட்டுக் காட்டுற பூ சார் இது! பூ வைக்கிற சடங்குன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு நம்ம ஊர்ல?"

"யோவ், இது பயத்தைத்தான் காட்டும். மனசைக் காட்டாது. பயப்படுறதும் பொய் சொல்றதும் ஒண்ணு இல்ல."

"வாங்குறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்."

'சம்மதப் பூ' என்று பெயர் வைத்து இறக்கினான். பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணின் தலையில் பூ வைத்துச் சம்பந்தத்தை உறுதி செய்கிற பழைய வழக்கம் ஒரு பரீட்சையாக மாறியது. நீலச் சரத்தை வைத்து, பெண்ணைச் சபைக்கு முதுகு காட்டி உட்கார வைத்து, வந்தவர்கள் காபி குடித்து முடிக்கிற வரை அவள் பின்மண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீலம் நின்றால் மனப்பூர்வமான சம்மதம். சிவந்தால், "பொண்ணு எதையோ மறைக்குது, எழுந்திரிங்க போகலாம்." சனீஸ்வரனை அத்தோடு எல்லாரும் மறந்துவிட்டார்கள். அவர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டிருப்பார்.

கல்யாணத்தோடு நின்றதா? ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பெண்களுக்குக் காலையில் வருகைப்பதிவோடு ஒரு கண்ணி பூவும் கொடுத்தார்கள். விடுதி வார்டன்கள் வாங்கினார்கள். மாமியார்கள் வெள்ளிக்கிழமை தவறாமல் வாங்கினார்கள். இந்தப் பூவில் பெரிய வசதி, அது பின்னால் இருப்பது. வைத்தவளுக்குத் தெரியாது, மற்ற எல்லாருக்கும் தெரியும். "மாப்பிள்ளை காதுலயும் ஒண்ணைச் செருகிப் பாப்போமே" என்று கல்லூரிப் பெண் ஒருத்தி சபையில் கேட்டாளாம். அது பெரிய சிரிப்பாகிச் செல்போன் செல்போனாகச் சுற்றியது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஊரே நீலம் வைத்தபோதும் சுகந்தி மட்டும் வெள்ளை மல்லிகையை விடவில்லை. சனி பயம் இன்னும் தெளியாத ஆள், என்ன செய்ய, என்று நானும் விட்டுவிட்டேன்.

இந்த அழகில்தான் என் தங்கை தமயந்திக்குக் கல்யாணம் கூடி வந்தது. அப்பா அம்மா போன பிறகு மதுரையில் எங்களோடுதான் இருக்கிறாள்; பேங்கில் வேலை. மாப்பிள்ளை நவநீதன் அதே பேங்கில் அடுத்த கவுண்டரில் இருப்பவன். இரண்டு பேருக்கும் மனசுக்குப் பிடித்து, அவனே வீட்டில் பேசி, எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தது. அவன் அம்மா சௌந்தரம் போன் செய்கிற வரை.

"பூவு நாங்களே கொண்டாந்துருவோம் தம்பி. நீலந்தான் வைப்போம். மூத்த மருமகளுக்கு வெள்ளையை வச்சுக் கூட்டிட்டு வந்துட்டோம், அப்ப இது வரல பாருங்க. உங்களுக்கென்ன, நீங்க கண்டுபிடிச்ச பூவுதானே!"

சந்தோஷம் என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்படியில் போய்ச் சொன்னதும் தமயந்தி தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். பிறவியிலேயே பயந்த சுபாவம். புது ஆள் முன்னால் கையெழுத்துப் போடச் சொன்னாலே கை நடுங்கும்.

"நான் அவரைத்தாண்ணே கட்டிக்குவேன். எனக்கு முழுச் சம்மதம். ஆனா இருபது பேரு பின்னாடி உக்காந்து என் மண்டையையே பாத்தா, செவக்காம என்ன செய்யும்? நான் என்னத்தையோ மறைக்கிறேன்னு எந்திரிச்சுப் போயிருவாங்க. அப்புறம் அவரு வருவாரா? அவங்க அம்மா பேசுனா அவருக்கு வாயே வராது!"

"அழுகாத. எல்லாத்துக்கும் வழி இருக்கு" என்றேன்.

"என்ன வழி? பூவுகிட்டப் போய்ச் சிபாரிசு பண்ணுவியா?"

"சங்குப்பூ டீ குடிச்சிருக்கியா? அதுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சா என்ன ஆகும்?"

"நீலம் போயி ரோஸா ஆகும்."

"அதேதான். செடிக்குள்ள ஓடுற சாறு பெரும்பாலும் புளிப்பு. அதனாலதான் உலகத்துல நீலப் பூ இவ்வளவு கம்மி. புளிப்புல நீலம் நிக்காது. நான் மல்லிகைப் பூவுல புளிப்பைக் குறைச்சேன், நீலம் நின்னுச்சு. நீ பயந்தா வர்ற ஆவி, அந்தப் பூவுக்குள்ள எலுமிச்சம்பழம் பிழியுற மாதிரி. இப்ப எலுமிச்சம்பழத்துக்கு எதிரி என்ன?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். "ஆப்பச்சோடாவா?"

"வாழை நாரை ஆப்பச்சோடாத் தண்ணியில ஊறவச்சு அதுல கட்டுனா, காம்பு வழியா ஏறிக்கிட்டே இருக்கும். நீ பயந்து செத்தாலும் பூ நீலமாத்தான் இருக்கும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சுகந்தி இத்தனை நேரமும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "பயந்தா மட்டுந்தான் செவக்குமாங்க? வேற எதுக்கும் செவக்காதா?"

"வேற எதுக்கும் செவக்காது. எத்தனையோ பேர் தலையில வச்சுப் பாத்தாச்சு."

"கோபத்துக்கு?"

"செவக்காது. ஏன் கேக்கிற?"

"சும்மாதாங்க" என்று கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

பூ வைக்கிற நாள் வந்தது. வாசலில் சின்னதாகப் பந்தல், வாடகை நாற்காலிகள். சௌந்தரம் முன்னால் வர, அவர் கணவர் தங்கராசு, நவநீதன், அவன் அண்ணன், அண்ணன் மனைவி வளர்மதி, அத்தைகள், சித்திகள் எல்லாரும் பின்னால் வந்தார்கள். வெள்ளித் தாம்பாளத்தில் வாழையிலை விரித்து நீல மல்லிகை பந்துபந்தாக இருந்தது. விளக்கு முன்னால் வைத்து எடுக்க வேண்டும் என்று நான் தட்டைச் சாமியறைக்கு அனுப்பினேன். அங்கே சுகந்தி மேலாக இருந்த பந்தை எடுத்துவிட்டு, ஆப்பச்சோடா நாரில் தான் கட்டி வைத்திருந்ததை வைத்தாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சௌந்தரம் அந்தச் சரத்தைத் தமயந்தி தலையில் வைத்தார். முதுகு காட்டி உட்கார வைத்தார்கள். காபி வந்தது. என் வாழ்நாளில் இத்தனை மெதுவாகக் காபி குடித்த கூட்டத்தைப் பார்த்ததில்லை. ஒரு அத்தை ஆற்றி ஆற்றிக் குடித்தார். தமயந்தியின் கழுத்தில் வேர்வை கோடாக இறங்கியது. அவள் தோள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. பூ நடுங்கவில்லை. கண்ணாடி மாதிரி நீலமாக நின்றது.

"இப்படி ஒரு நீலத்தை நான் பாத்ததே இல்ல!" என்று சௌந்தரம் கன்னத்தில் கை வைத்தார். "தங்கமான மனசு!"

அத்தோடு விட்டிருக்கலாம். சபையில் பெண்ணுக்கு வைத்தது போக மிச்சப் பூவை வந்திருக்கிற பெண்கள் எல்லாருக்கும் நறுக்கிக் கொடுப்பது வழக்கம். விவரம் தெரிந்தவர்கள் அதற்கென்று தனியாக வெள்ளை மல்லிகை கொண்டுவருவார்கள். தாம்பாளத்தில் அதுவும் இருந்தது. ஆனால் சௌந்தரத்துக்குச் சந்தோஷம் தலைக்கு ஏறிவிட்டது. "வெள்ளை என்னத்துக்கு? எல்லாரும் நீலமே வைங்க! எங்க வீட்டு விசேஷம்னா அப்படித்தான்" என்று தன் கையாலேயே நறுக்கி நறுக்கி வைத்துவிட்டார். தன் கொண்டையிலும் வைத்துக்கொண்டார். சுகந்தி பின்வாங்கினாள்.

"எனக்கு வேணாம்மா."

"அட, நல்ல காரியத்துல வேணாங்கக் கூடாது" என்று அவள் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்திச் செருகினார்.

கொஞ்ச நேரம் சபை முழுக்க நீலமாக இருந்தது. பார்க்க அவ்வளவு லட்சணம். பெனடிக்ட் இருந்திருந்தால் படம் எடுத்திருப்பான்.

முதலில் சிவந்தது வளர்மதி. சௌந்தரம், "ஏய் வளரு, தட்டை எடு" என்றார். நாலே வார்த்தைப் பேச்சு. அவள் குனிந்து தட்டை எடுப்பதற்குள் சரம் அடியிலிருந்து நுனி வரை செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. ஒரு சித்தி அதைக் காட்டிச் சிரிக்கத் திரும்பினாள், அவள் கணவர் முறைத்தார், சித்தியும் சிவந்தாள். பிறகு தங்கராசு தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான் செய்தார், பாவம், மனுஷன் காபி தொண்டையில் சிக்கியிருக்கலாம். சௌந்தரத்தின் கொண்டையில் இருந்த பூ மொத்தமும் குங்குமமாக மாறியது. சபையில் எல்லாரும் அந்தக் கொண்டையைப் பார்த்தார்கள், பிறகு மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"என்னத்துக்கு எல்லாரும் என் மண்டையைப் பாக்குறீங்க?" என்றார் சௌந்தரம், தன் மண்டை தனக்குத் தெரியாமல்.

நான் அடுப்படிப் பக்கம் திரும்பினேன். கதவோரம் சுகந்தி தமயந்தியோடு எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் தலையில் நீலம் அப்படியே இருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு மிதப்பு வந்தது. பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா, குரல் உயராத வீடு எப்படி இருக்கும் என்று!

"பூவுல கோளாறு" என்று தங்கராசு முடிவு சொன்னார். "எல்லாப் பொம்பளைக்கும் ஒரே நேரத்துல பயம் வருமா? யாரு இங்க யாரை என்ன பண்ணிட்டா?" ஆண்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். "நீங்களே சொல்லுங்க மாணிக்கவேலு. நீங்கதானே இதைப் பண்ணுனவரு."

உண்மையைச் சொன்னால் சம்பந்தம் அங்கேயே முறிந்துவிடும். தமயந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெயில்ல வண்டியில வந்த பூவு. சூடு பட்டா நெறம் மாறும்" என்றேன். "பொண்ணு தலையில இருந்தது மேலாக்க, காத்தோட்டமா இருந்துச்சு. அது சூடு படல." என் வாழ்நாள் உழைப்பை நானே கோளாறு என்று சொன்னேன், அத்தனை பேர் முகத்திலும் களை வந்தது. பாக்கு வெற்றிலை மாற்றினார்கள். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

நான் கொல்லைப்பக்கம் போனேன். குழாயடியில் சுகந்தி எனக்கு முதுகு காட்டி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். தமயந்தி பக்கத்தில் நின்றாள். சுகந்தியின் தலையில் நீலம்.

"சுகந்தி" என்றேன்.

அவள் திரும்பவில்லை. கைதான் நின்றது. சரத்தின் அடிக்காம்பில் ஒரு சிவப்பு தொடங்கி, கண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு பூவாக ஏறியது. தமயந்தி அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பூ கோளாறாண்ணே?"

"அதான் அங்கயே சொன்னேனே."

"அங்க சொன்னது அவங்களுக்கு. எனக்குச் சொல்லு. பூவு கோளாறுன்னா நான் அந்த வீட்டுக்கே வாழப் போறேன். பூவு சரின்னா தனிக்குடித்தனம்னு இப்பவே போய்ச் சொல்லிருவேன். ஒத்துக்கலேன்னா எனக்குக் கல்யாணமே வேணாம். நீ சொல்றதை வச்சுத்தான்."

பூ கோளாறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் வீட்டில் ஒரு குறையும் இல்லை. சூடு பட்ட பூ, அவ்வளவுதான். ஆனால் தங்கையை அந்தத் தொண்டைச் செருமலுக்குக் கீழே அனுப்ப வேண்டும். எனக்கு எரிச்சலாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. "சுகந்தி, அதை அப்புறம் கழுவிக்கலாம்ல" என்று குரலைத் தாழ்த்தி, இதமாகத்தான் சொன்னேன். பூ இன்னும் கறுத்துச் சிவந்தது.

"பூவுல கோளாறு இல்ல" என்றேன்.

தமயந்தி உள்ளே போய்விட்டாள். சுகந்தி குழாயைத் திறந்தாள்.

"இப்ப என்ன நெறத்துல இருக்குங்க?" என்று கேட்டாள், திரும்பாமலே.

"சிவப்பு."

"ம்" என்று அடுத்த டம்ளரை எடுத்தாள். "அதுக்குத்தாங்க வேணாம்னேன்."

உள்ளே தமயந்தி சொல்லிவிட்டாள். கையும் காலும் நடுங்க, சபை நடுவில் நின்று சொன்னாள். அவள் தலையில் மட்டும் ஆப்பச்சோடா புண்ணியத்தில் நீலம் ஜம்மென்று நின்றது. தனியாக இருக்க எனக்கும் சம்மதம், அம்மாவிடம் நீயே சொல்லிவிட்டது நல்லதாய்ப் போயிற்று என்றான் நவநீதன். வீரன்! தங்கராசு மறுபடி செருமினார். சௌந்தரம் குதிப்பார் என்று எல்லாரும் காத்திருந்தோம். அவர் கொண்டையில் கையை வைத்துப் பூவைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கிளம்பும்போது தமயந்தியை வாசலோரம் இழுத்து நிறுத்தி, காதோடு சொன்னது எனக்கும் கேட்டது.

"வீடு பாக்கையில, ஒரு ரூம் கூடுதலா இருக்கிறதாப் பாரு தாயீ."

எல்லாரும் போன பிறகு சுகந்தி பந்தலுக்கு அடியில் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள். பூவை அவள் எடுக்கவில்லை. நான் ஏதாவது பேசலாம் என்று நாலைந்து தடவை வாயைத் திறந்தேன். என்ன குரலில் பேசுவது என்று தெரியவில்லை. உரக்கப் பேசிப் பழக்கமில்லை. மெதுவாகப் பேசினால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டேன்.

கேட்டைத் திறந்து தெருவுக்கு வந்தேன். திரும்பிப் பார்த்தேன். சிவப்பு. எதிர்வீட்டு வாசல் வரை போனேன். சிவப்புதான். ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போய் ஒரு டீ சொல்லிவிட்டு, அங்கிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். டம்ளர் பாதி காலியானபோது சரத்தின் நுனியில் ஒரு பூ நீலமானது. பிறகு அடுத்தது. சுகந்தி ஏதோ முணுமுணுப்பது போலிருந்தது. பாட்டாகத்தான் இருக்க வேண்டும். அவள் பாடுவாள் என்பதே எனக்குத் தெரியாது.

நான் கண்டுபிடித்த நீலம் எவ்வளவு அழகு என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டீக்குக் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அவளைப் பார்த்து நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கேட்டின்மேல் கையை வைத்தேன். கீல் லேசாகக் கிறீச்சிட்டது. பாட்டு நின்றது. அடிக்காம்பில் அந்தச் சிவப்பு தொடங்கியது.

சத்தம் வராமல் கையை எடுத்துவிட்டு டீக்கடைக்கே திரும்பினேன்.

"என்ன சார், விசேஷ வீட்டுக்காரரு இங்கயே நிக்கிறீங்க?" என்றார் டீ மாஸ்டர்.

"இங்கிருந்து பாத்தாத்தான் பூ நல்லாத் தெரியுது" என்றேன். "இன்னொரு டீ போடுங்க."